மோடு: 40 கிராம் போன் ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி: வாங்குபவரே தனக்குப் பிடித்த மாதிரி கேமரா, பேட்டரி, ஸ்பீக்கர் என்று மாற்றிப் பொருத்திக்கொள்ளும் ஸ்மார்ட்போனைச் செய்து விற்க நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்க நினைக்கிறோம். இதற்கு முன் இதே வழியில் போன இஸ்ரேலின் மோடு நிறுவனம் ஏன் மூடப்பட்டது? நாங்களும் அதே பள்ளத்தில் விழாமல் இருக்க வழி உண்டா?

பதில்:

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விரிவாகப் போகலாம். மோடுவில் பொறியியல் தோற்கவில்லை. சொன்ன போனைச் செய்து காட்டினார்கள், கடைக்கும் கொண்டுவந்தார்கள், கின்னஸ் சாதனையும் படைத்தார்கள். அவர்கள் செய்த சாவிக்கு உலகத்தில் எங்கும் பூட்டு இல்லை என்பதுதான் சிக்கல். பூட்டையும் அவர்களே செய்து, அவர்களே ஆள் பிடித்து விற்க வேண்டியிருந்தது. இது முழுதாக விளங்க வேண்டுமானால், அதை நிறுவியவர் அதற்கு முன் என்ன செய்தார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டோவ் மோரன் என்ற பெயர் நமக்குப் பழக்கமில்லை. ஆனால் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த பொருளைக் கையில் எடுக்காதவர் குறைவு. பென் டிரைவ். 1989இல் இஸ்ரேலில் எம்-சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில் பேசப் போன இடத்தில் மடிக்கணினி உயிர் பெறாமல் போனதையும், இனிமேல் பேச வேண்டியதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாமல் எங்கும் போவதில்லை என்று முடிவெடுத்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து பிறந்தது டிஸ்க்ஆன்கீ. 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஐபிஎம் அதைத் தன் பெயரில் அமெரிக்காவில் விற்றது. கொள்ளளவு 8 மெகாபைட். (சிங்கப்பூரின் டிரெக், சீனாவின் நெட்டாக் ஆகிய நிறுவனங்களும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே பொருளைத் தாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்றன. அது தனிக் கதை.) 2006இல் சான்டிஸ்க் நிறுவனம் எம்-சிஸ்டம்ஸை ஏறக்குறைய 155 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டது.

பென் டிரைவ் அவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் அதன் உள்ளே இருந்த சில்லு மட்டும் இல்லை. அதைச் செருகும் துளை அதற்கு முன்பே எல்லாக் கணினியிலும் வந்துவிட்டிருந்தது. இன்டெல், மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய நிறுவனங்கள் கூடி யுஎஸ்பி தரத்தை வகுத்தன. கணினித் தயாரிப்பாளர்கள் தங்கள் செலவில் அந்தத் துளையை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தார்கள். மோரன் அதற்கென்று எதுவும் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. பூட்டு வீட்டுக்கு வீடு தயாராக இருந்தது. அவர் சாவியை மட்டும் செய்தார்.

அந்த வெற்றியோடு 2007இல், டெல் அவிவுக்குப் பக்கத்தில் இருக்கும் கஃபர் சபா நகரத்தில் மோடுவைத் தொடங்கினார். 2008 பிப்ரவரியில் பார்சிலோனா மொபைல் கண்காட்சியில் அறிமுகம். நான் கையடக்கக் கருவிகளுக்கு மின்சுற்றுப் பலகை வடிவமைக்கும் வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். அந்தச் செய்தியைப் படித்தபோது, இதை ஏன் இவ்வளவு நாள் யாரும் செய்யவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த வியப்பு எனக்கு இன்றும் போகவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மோடு என்பது ஒரு சின்னப் போன். 72 மி.மீ. நீளம், 38 மி.மீ. அகலம், 8 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவான தடிமன். எடை 40.1 கிராம். அன்றைக்கு உலகிலேயே எடை குறைந்த கைபேசி என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், 2007இல் வந்த முதல் ஐபோனின் எடை 135 கிராம். மோடுவில் சின்னத் திரையும் சில பொத்தான்களும் இருந்தன. எண் பலகை கிடையாது. பேசலாம், பாட்டுக் கேட்கலாம்.

அதைத் தனியாக வைத்துக்கொள்வது அவர்களுடைய நோக்கத்தில் பாதிதான். மறுபாதி, அதைச் செருகும் மேலுறைகள். மோடு அவற்றை ஜாக்கெட் என்று அழைத்தது. நாம் சட்டை என்றே வைத்துக்கொள்வோம். எண் பலகை உள்ள ஒரு சட்டைக்குள் செருகினால் அது சாதாரணப் போன். பாட்டுக்கான பொத்தான்கள் உள்ள சட்டைக்குள் போட்டால் அது பாட்டுப் போன். சட்டையைத் தவிர, கார் ஸ்டீரியோ மாதிரியான பெரிய கருவிகளுக்குள்ளும் இதே சின்னப் போனைச் செருகிக்கொள்ளலாம் என்றும் திட்டம் வைத்திருந்தார்கள். உங்கள் எண்ணும் பாட்டும் தொடர்புகளும் அந்த 40 கிராமுக்குள்ளேயே இருக்கும். சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

பலர் மோடுவை ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரிப் பேசுகிறார்கள். அதன் பின்னால் ஒரு திடமான வணிகக் கணக்கு இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு புதுப் போனை உருவாக்குவதில் கடினமான பகுதி ரேடியோ. கோபுரத்தோடு பேசும் சில்லு, அதற்கான மென்பொருள், ஆண்டெனா, ஒவ்வொரு நாட்டின் அனுமதி, ஒவ்வொரு தொலைபேசிச் சேவை நிறுவனத்தின் சோதனை என்று வேலை ஒரு வருடத்தைத் தாண்டிவிடும். இந்தப் பகுதியை ஒருமுறை செய்து ஒரு சின்னக் கட்டைக்குள் அடைத்துவிட்டால், அதைச் சுற்றி ஒரு புது வடிவம் செய்ய சில மாதங்கள் போதும் என்பது மோடுவின் வாதம். சேவை நிறுவனம் ஒன்று இளைஞர்களுக்கு என்று ஒரு போன் கொண்டுவர நினைத்தால் மோடுவிடம் கட்டையை வாங்கி, சட்டையைத் தன் விருப்பத்துக்குத் தைத்துக்கொள்ளலாம். சட்டைக்குள் தனி மூளை தேவையில்லை என்பதால் விலையும் குறைவு. காகிதத்தில் பார்த்தால் எந்த முதலீட்டாளரும் தலையாட்டுவார். ஆட்டவும் செய்தார்கள். மோடு மொத்தத்தில் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. முதலீடு செய்தவர்களில் சான்டிஸ்கும் ஒன்று.

சரி, எங்கே பிசகியது?

முதலில் காலம். ஐபோன் அறிவிக்கப்பட்டது 2007 ஜனவரியில். மோடு தொடங்கிய அதே வருடம். அப்போதே அபாயம் தெரிந்திருக்க வேண்டும் என்று இன்று சொல்வது எளிது, ஆனால் அது நியாயம் இல்லை. முதல் ஐபோனில் 3ஜி இல்லை, வெளியாட்கள் எழுதிய செயலி எதையும் ஏற்ற முடியாது, விலையும் அதிகம். அதை வைத்து முழுத் தொழிலும் திசை மாறும் என்று நோக்கியாவே நம்பவில்லை. உண்மையான அடி 2008 ஜூலையில் விழுந்தது. ஆப்பிள் ஏறக்குறைய 500 செயலிகளோடு ஆப் ஸ்டோரைத் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. பாட்டுக்கு ஒரு சட்டை, விளையாட்டுக்கு ஒரு சட்டை, வழி காட்ட ஒரு சட்டை என்று மோடு பிளாஸ்டிக்கில் தைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் ஒரு வெற்றுக் கண்ணாடித் திரை செய்ய ஆரம்பித்தது. எண் பலகை வேண்டுமா, திரையிலேயே வரும். பாட்டுப் பொத்தான் வேண்டுமா, அதுவும் வரும். வேண்டாத போது மறைந்துவிடும். ஒரு வடிவத்தை மாற்ற மோடுவுக்குச் சில மாதங்களும் ஓர் அச்சு வார்ப்பும் தேவைப்பட்டன. செயலி எழுதுபவருக்குச் சில நாட்கள் போதும், வாங்குபவருக்கு ஒரு நிமிடம்.

போன் தனக்கேற்ற மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை மக்களுக்கு இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. நோக்கியா 3310 காலத்தில் கலர் கலராக மேலட்டை வாங்கி மாற்றியவர்களை எல்லாருக்கும் தெரியும். அந்த ஆசை அப்படியே இருந்தது. அது வெளி ஓட்டிலிருந்து திரைக்குள் குடிபெயர்ந்துவிட்டது. மோடு பழைய வீட்டு வாசலில் காத்திருந்தது.

இதோடு 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்து உலக நிதி நெருக்கடி வந்தது. சாதாரண நிறுவனத்துக்கே பணம் கிடைக்காத நேரத்தில், வன்பொருள் நிறுவனத்துக்கு யார் கொடுப்பார்கள்? 2008இன் பிற்பகுதியிலேயே இத்தாலி, ரஷ்யா, இஸ்ரேல் ஆகிய நாடுகளில் விற்பனைக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். இஸ்ரேலில் செல்காம் என்ற சேவை நிறுவனத்தின் வழியாக அது கடைக்கு வந்தபோது 2009 ஆகிவிட்டது. அப்போதும் அது 3ஜி இல்லாத போன். ஒரு வருடத் தாமதம் என்று வாசிக்கும்போது சின்னதாகத் தெரியும். அந்த ஒரு வருடத்தில்தான் போன் என்றால் என்ன என்பதே மாறியது.

2010இல் மோடு டி என்று தொடுதிரை வைத்த அடுத்த போன் வந்தது. 3ஜி உண்டு, எடை 55 கிராம் அளவு, மறுபடியும் கின்னஸ் சாதனை. அழகான பொருள். ஆனால் உள்ளே இருந்தது சில்லு நிறுவனமான குவால்காமின் பிரூ என்ற மென்பொருள் தளம். ஆண்ட்ராய்டு இல்லை, அதனால் ஆண்ட்ராய்டின் செயலிகளும் இல்லை. அந்த அளவுக் கட்டைக்குள் அன்றைய ஆண்ட்ராய்டுக்குத் தேவையான புராசஸரும் நினைவகமும் பேட்டரியும் அடங்காது. இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே மனசு கனக்கும். சிறியதாக இருப்பதுதான் அவர்களுடைய பெருமை, அதுவே கடைசியில் அவர்களைக் கட்டிப் போட்டது. பணம் தீர்ந்தது. 2010இன் இறுதிக்கும் 2011இன் தொடக்கத்துக்கும் இடையில் நிறுவனம் மூடப்பட்டது. 2011 மே மாதம் அதன் காப்புரிமைகளை கூகுள் 49 லட்சம் டாலருக்கு வாங்கியது. திரட்டிய தொகையில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

காலம் சரியாக இருந்திருந்தால் பிழைத்திருக்குமா? இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பிழைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். இங்கேதான் பூட்டு சாவி விஷயம் வருகிறது. உங்கள் மூவருக்கும் நேரடியாகத் தேவைப்படுவதும் இதுதான்.

மோடு கட்டையைச் செருகும் வாய் மோடுவுக்கு மட்டுமே சொந்தம். அதற்குப் பொருந்தும் சட்டையை வேறு ஒருவர் செய்ய வேண்டுமானால், முதலில் லட்சக்கணக்கான பேர் கையில் கட்டை இருக்க வேண்டும். கட்டையை மக்கள் வாங்க வேண்டுமானால், முதலில் விதவிதமான சட்டைகள் கடையில் தொங்க வேண்டும். இரண்டில் எது முதலில் வரும்? இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, ஆரம்பத்தில் எல்லாச் சட்டைகளையும் மோடுவே செய்து அடுக்குவது. அப்படிச் செய்தால் சரக்கு இருப்பு என்ற பூதம் வரும். பத்து வகைச் சட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு நிறம் என்று வைத்துக்கொண்டால் நாற்பது வகைச் சரக்கு. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். எது ஓடும், எது தேங்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஜவுளிக்கடைக்காரருக்கு இந்தத் தலைவலி பழக்கம். அவர் தள்ளுபடி போட்டுத் தள்ளிவிடுவார். மின்னணுப் பொருளில் ஆறு மாதத்தில் மாடல் பழசாகிவிடும், தள்ளுபடியும் எடுபடாது.

அடுத்து இணைப்பான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் சூடு பட்ட இடம் இது. பல வருடங்களுக்கு முன் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வெளியில் கொண்டுபோய் ரசீது போடும் கையடக்கக் கருவி ஒன்று செய்தோம். அச்சிடும் பகுதி தனியாகக் கழலும். எட்டு முனைகள், தங்க முலாம், சோதனைச் சாலையில் ஆயிரக்கணக்கான முறை மாட்டிக் கழற்றி எல்லாம் நன்றாகவே ஓடியது. களத்துக்குப் போய் நான்காவது மாதத்திலிருந்து கருவிகள் திரும்பி வர ஆரம்பித்தன. வியர்வை, தூசி, மழைச்சாரல். முலாம் தேய்ந்த இடத்தில் முனைகள் கறுத்திருந்தன. அச்சு எடுக்கும் நொடியில் அதிக மின்னோட்டம் போகும், அந்த நேரத்தில் மட்டும் தொடர்பு விட்டுப் போகும். எங்கள் மேசையில் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கடைசியில் அடுத்த மாடலில் இரண்டையும் ஒரே பெட்டியாக்கினோம். புகார் நின்றது.

பிரிக்கக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் இந்த விலையைக் கொடுத்தாக வேண்டும். இணைப்பானுக்கு இடம், அதைப் பிடித்து வைக்கக் கொக்கி, இரண்டு பக்கமும் தனித்தனிச் சுவர். ஒரே பெட்டியில் ஒரு சுவர் போதும் என்ற இடத்தில் இங்கே இரண்டு சுவரும் நடுவில் ஓர் இடைவெளியும் வரும். மில்லிமீட்டர் கணக்கில் போட்டி போடும் தொழிலில் அந்த இடம் எல்லாம் பேட்டரிக்குப் போக வேண்டிய இடம். ஆண்டெனா இன்னும் மோசம். பக்கத்தில் என்ன பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆண்டெனாவின் குணம் மாறும். உலோகச் சட்டை போட்டால் ஒரு மாதிரி, பிளாஸ்டிக் சட்டை போட்டால் வேறு மாதிரி. எனவே ஒவ்வொரு சட்டையோடும் மறுபடி சோதனை. எதைத் தவிர்க்கப் பிரித்தார்களோ அதில் ஒரு பகுதி பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

போன் தொழில் அப்போது எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ரேடியோ, புராசஸர், படத்துக்கான புராசஸர் எல்லாம் ஒரே சில்லுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. சேரச் சேர விலை குறையும், மின்சாரம் மிச்சமாகும். சில்லுக்காரர்களே வடிவமைப்பு மாதிரியையும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்ததும், சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் புதுப் போனைச் சில மாதங்களில் செய்து இறக்கினார்கள். ரேடியோ கடினம், அதனால் ஒருமுறை செய்து கட்டையாக விற்கலாம் என்ற மோடுவின் மூலக் கணக்கே இதோடு கரைந்தது.

"மோடு சின்ன நிறுவனம், பெரிய கை இறங்கினால் நடக்கும்" என்று நீங்கள் சொல்லலாம். பெரிய கையும் இறங்கிப் பார்த்தது. 2013 செப்டம்பரில் டேவ் ஹக்கன்ஸ் என்ற டச்சு வடிவமைப்பாளர் போன்பிளாக்ஸ் என்ற யோசனையைக் காணொளியாக வெளியிட்டார். ஒரு பலகையின் மேல் கட்டை கட்டையாகச் செருகும் போன். உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த மாதமே, அன்று கூகுளிடம் இருந்த மோட்டோரோலா, தான் ஏற்கெனவே இதே வேலையில் இருப்பதாகச் சொல்லி ஆரா திட்டத்தை அறிவித்தது. மோட்டோரோலாவை லெனோவாவுக்கு விற்றபோதும் கூகுள் ஆராவைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. மோடுவின் காப்புரிமைகள் அதற்கு முன்பே அதன் கையில் இருந்தன.

ஆராவில் இருந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. மாட்யூல்களை, அதாவது கழற்றி மாட்டும் கட்டைகளை, பிடித்துவைக்க, பிடிக்கும் அல்லது விடும் நொடியில் மட்டும் மின்சாரம் எடுக்கும் காந்தம் கொண்டுவந்தார்கள். மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேச வேகமான இணைப்புத் தரத்தை எடுத்துக்கொண்டார்கள். பிரிப்பதால் வரும் கூடுதல் எடை, இடம், மின்செலவு எல்லாம் கால் பங்குக்குள் அடங்கும் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள், உலகின் சிறந்த பொறியாளர்கள் முழு மூச்சாக உழைத்து எட்ட நினைத்த இலக்கே கால் பங்கு நஷ்டம். 2015இல் போர்ட்டோ ரிக்கோவில் நடமாடும் வண்டிகளில் வைத்து விற்றுப் பார்க்கப் போவதாக அறிவித்தார்கள். ஆகஸ்டில் அதைக் கைவிட்டார்கள். 2016 மே மாதம் காட்டிய வடிவத்தில் புராசஸரும் திரையும் பேட்டரியும் சட்டகத்தோடு ஒட்டிவிட்டன. கழற்ற முடிந்தது ஆறு இடங்களில் செருகும் துணைப் பொருட்களை மட்டும். அதே செப்டம்பரில் திட்டமே நிறுத்தப்பட்டது. அந்த மே மாத மாற்றம்தான் இந்தக் கதையில் மிக முக்கியமான இடம். எதை மாற்ற மக்கள் ஆசைப்பட்டார்களோ, அதை மாற்றக்கூடியதாக வைக்க கூகுளாலும் முடியவில்லை.

எல்ஜியின் ஜி5, மோட்டோரோலாவின் மோட்டோ இசட் இரண்டும் 2016இல் வந்தன. ஜி5இல் கீழ்ப்பகுதியைப் பேட்டரியோடு இழுத்துக் கழற்றினால்தான் மாட்யூலை மாற்ற முடியும், போன் அணைந்துவிடும். அடுத்த ஆண்டே எல்ஜி அதைக் கைவிட்டது. மோட்டோ இசட் காந்தத்தால் ஒட்டும் முறை. அது இவற்றில் மிகச் சிறந்தது, 2019 வரை தாக்குப் பிடித்தது. ஆனால் பழைய மாட்யூல் புதிய போனில் பொருந்த வேண்டும் என்பதற்காக, மூன்று வருடம் போனின் முதுகு வடிவத்தையே மாற்ற முடியாமல் போயிற்று.

வெறும் தோற்றத்தை மட்டும் விருப்பப்படி செய்து தருவது? அதையும் மோட்டோரோலா 2013இல் மோட்டோ எக்ஸ் போனில் செய்தது. இணையத்தில் முன்பக்கம், முதுகு, ஓரப் பொத்தான் ஆகியவற்றின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால், டெக்ஸாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் கோத்து நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பும். ஆசியாவில் செய்து கப்பலில் அனுப்பினால் இது முடியாது என்பதால்தான் அமெரிக்காவிலேயே ஆலை வைத்தார்கள். உச்சத்தில் 3,800 பேர் வேலை பார்த்த இடம். 2014 மே மாதம் மூடப் போவதாக அறிவித்தபோது ஏறக்குறைய 700 பேர்தான் மிச்சம். கையால் கோர்க்கும் கூலியும், எதிர்பார்த்த அளவு விற்காததும் சேர்ந்து முடித்துவிட்டன. போனைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அது மிகப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிடிப்பது வேறு, அதற்காகக் கூடக் கொடுப்பது வேறு.

இத்தனைக்கும் நடுவில் பிழைத்திருப்பது ஃபேர்போன். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் இருந்து 2015இல் வந்த ஃபேர்போன் 2 முதல் இன்றுவரை திரை, கேமரா, பேட்டரி எல்லாம் ஒரு திருப்புளியால் கழற்றக்கூடிய வடிவம். விற்பனை சிறியது, ஆனால் நிற்கிறது. அங்கே நீங்கள் பிரிப்பது விதவிதமாக மாற்றிப் பார்க்க இல்லை, உடைந்ததை மாற்ற. அதனால் சரக்குத் தலைவலி இல்லை. ஒரு மாடலுக்கு ஒரு திரை, ஒரு பேட்டரி. இணைப்பானும் தினமும் கழலாது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழலும். என் ரசீதுக் கருவியில் அதே இணைப்பானை அந்த வேகத்தில் கழற்றியிருந்தால் அது பத்து வருடம் உழைத்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியமும் 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றும்படி இருக்க வேண்டும் என்று சில விதிவிலக்குகளோடு சட்டம் வைத்திருக்கிறது. காற்று அந்தப் பக்கம் வீசுகிறது.

இப்போது உங்கள் விஷயம். மூன்று பேர், சொந்தப் பணம், முழுப் போன். இதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் திறமையைக் குறைத்து மதிப்பிடுவதாக நினைக்க வேண்டாம். ரேடியோ அனுமதியும் முதல் அச்சு வார்ப்புகளும் மட்டுமே உங்கள் கையிருப்பை விழுங்கிவிடும், அப்புறம் விற்பனைக்குப் பணம் இருக்காது.

ஆனால் 2008இல் மோரனுக்கு இல்லாத ஒன்று இன்று உங்களுக்கு இருக்கிறது. பூட்டுகள் இருக்கின்றன. யுஎஸ்பி-சி துளை இன்று ஏறக்குறைய எல்லாப் புது ஸ்மார்ட்போனிலும் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் முதல் அதைச் சட்டமாகவே ஆக்கியது, ஐபோனும் 2023இல் மாறிவிட்டது. அது 10,000 முறை செருகிக் கழற்றத் தாங்கும் என்பது தரத்திலேயே இருக்கிறது. முதுகில் காந்த வளையம் வைக்கும் முறையை ஆப்பிள் 2020இல் கொண்டுவந்தது. பிறகு அது சி2 (Qi2) என்ற பொதுத் தரமாகி மற்றப் போன்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது. வளையம் இல்லாத போனுக்கு அதை வைத்த கவர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நத்திங் நிறுவனத்தின் சிஎம்எஃப் போன் 1 என்ற மாடலைப் பார்த்திருப்பீர்கள். 2024இல் இந்தியாவில் 15,999 ரூபாய்க்கு வந்தது. நான்கு திருகைக் கழற்றினால் முதுகு அட்டை தனியாக வரும், ஓரத்தில் உள்ள வட்டத் திருகில் தாங்கியோ கயிறோ மாட்டலாம். அந்த அட்டைகளில் மின்சாரம் போகும் முனை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். மோடுவின் வலிகளில் பாதி அதனாலேயே அவர்களுக்கு இல்லை.

எனவே ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் வரைந்து வைத்திருக்கும் படத்தை எடுத்து, அதில் உள்ள உங்கள் சொந்த இணைப்பானை அழித்துவிட்டு அந்த இடத்தில் யுஎஸ்பி-சியையும் காந்த வளையத்தையும் போட்டுப் பாருங்கள். போனையும் அழித்துவிடுங்கள், அது வாங்குபவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. மிச்சம் இருக்கும் மாட்யூல்களில் எது, இந்த இரண்டு வழியாக மட்டுமே வேலை செய்து, இன்றைக்கே ஒருவருக்குப் பயன்படும்? நல்ல ஒலிவாங்கியா, வெப்பப் படக் கேமராவா, கண் மருத்துவருக்கான லென்ஸா? ஒன்றே ஒன்றை எடுங்கள். ஒரே நிறம். நூறு செய்யுங்கள். நூறையும் முன்பின் தெரியாத நூறு பேரிடம் முழு விலைக்கு விற்றுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அதில் எத்தனை திரும்பி வந்தன, எந்த முனை கறுத்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த பலகையை நாம் சேர்ந்து பார்க்கலாம்.